தம்பி கொடுத்த கார்டு

அந்த மருந்து மொத்த வியாபார கோடவுனில் ஒயர் மேடத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. 'மேடம்' என்றதும் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். எப்போது பார்த்தாலும் மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்ததால் லோடு ஏற்றுகிற ஆட்கள் வைத்த பெயர் அது. பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டு நின்றால் ஒயர் மேடம். பில் போடும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் ஒயர் மேடம். முதலாளி மகளின் போனில் படம் ஓடவில்லை என்றாலும் ஒயர் மேடம்தான். ஆனால் ஆபீஸ் கணக்கில் மட்டும் அவள் சேர்ந்த நாளில் எழுதிய அதே பதவி: டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். பில் தட்டச் சேர்ந்தவள், பில் தட்டுகிறவள். அவ்வளவுதான் மரியாதை.

மற்ற வேலையெல்லாம் அவளாகக் கற்றுக்கொண்டது. முதலில் கெட்டுப்போன கீபோர்டு, அப்புறம் நெட்வொர்க் கேபிள், அப்புறம் சர்வர். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சும்மா செய்கிறவளை எவன் தடுப்பான்?

கோடவுனில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பில்லுக்கு ஒன்று, சரக்கு இருப்புக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. எல்லாம் கிழடு தட்டி, ஒன்று மாற்றி ஒன்று மண்டையைப் போட்டுக்கொண்டிருந்தன. இவற்றையெல்லாம் தூக்கிவிட்டு ஒரே ஒரு பெரிய சர்வர் வாங்கி, அதற்குள்ளேயே தனித்தனி கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோலப் பிரித்து ஓட்டலாம் என்று அவள் முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன பிறகு, ஒருநாள் அவர் தலையாட்டினார்.

"நீங்களே நிக்க வச்சு, வருஷக் கணக்கு முடியற வரைக்கும் மக்கர் பண்ணாம ஓட்டிக் காட்டுங்க. சிஸ்டம் இன்சார்ஜ்னு ஒரு போஸ்ட் போடறேன். அது உங்களுக்குத்தான்."

அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது 'சிஸ்டம் இன்சார்ஜ்' என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். இவள் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். இருந்தான் என்ன, இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். செல்போன் கவர் கடை வைத்து மூடினான். தண்ணீர் கேன் ஏஜென்சி எடுத்துப் பாதியில் கைவிட்டான். கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் பறக்கும் கேமரா வாங்கினான். முதல் கல்யாணத்திலேயே அது பெண்ணின் அப்பா தலையில் போய் இறங்கியது. இப்போது பெரிய கம்பெனிகள் கழித்துக் கட்டிய சர்வர்களை வாங்கி, தூசி தட்டி, உதிரி பாகம் மாற்றி விற்கிற கடை. அந்தக் கடைக்கு ஒரு நல்ல பார்ட்டி கிடைக்கவில்லை என்று அம்மா தினம் ஒரு பாட்டம் புலம்புவாள்.

"கூடப் பொறந்தவ நீ தூக்கி விடலன்னா அவனுக்கு வேற யாருடி இருக்கா?"

தூக்கி விட்டாள். மேனேஜர் முன்னால் நின்று, "என் தம்பிதான் சார், நான் பொறுப்பு," என்றாள். என்னென்ன வேண்டும் என்று தம்பியிடம் தெளிவாகவும் சொன்னாள். முக்கியமாக நெட்வொர்க் கார்டு. சர்வருக்குள் எத்தனை கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்தாலும் வெளியே பேசுவதற்கு வாசல் அந்தக் கார்டுதான். பிரித்து ஓட்டுகிற மென்பொருளோ மகா கறார். தனக்குத் தெரிந்த கார்டு என்றால்தான் உள்ளே விடும், இல்லையென்றால் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தும். இந்த மாடல்தான் வேண்டும் என்று அவள் சொன்னபோது, "நீ கவலையே படாதக்கா," என்றான் தம்பி.

சர்வர் வந்தது. உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்து, பெட்டியை நிறுத்தினாள். மென்பொருளைப் போட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே திரையில் வந்து நின்றது: நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லை.

கண்ணெதிரே கார்டு இருக்கிறது, பச்சை விளக்கு மினுக்குகிறது, இல்லை என்கிறது மெஷின். கேபிளை மாற்றினாள். கார்டைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினாள். மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸுக்குள் போய் அங்கே ஏதாவது அணைத்து வைத்திருக்கிறதா என்று பார்த்தாள். கடைசியில் வேறொரு மென்பொருளைப் போட்டு, கார்டில் என்ன சிப் இருக்கிறது என்று தோண்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அது சர்வருக்கான கார்டே இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போடுகிற மலிவு சிப். மேலே ஒட்டியிருந்த தகடு மட்டும்தான் ஜம்மென்று இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்னடா குடுத்திருக்க? நான் சொன்ன கார்டு எங்க?"

"அது இப்ப எங்கயும் கிடைக்கலக்கா. இதுவும் அதே மாதிரிதான். எவ்வளவோ எடத்துக்குக் குடுத்திருக்கேன். வேற எங்கயும் இந்தப் பிரச்சினை வரலையே, உனக்கு மட்டும் என்ன?"

"இத மென்பொருள் ஏத்துக்காதுடா. அவங்க வெளியிட்ட லிஸ்ட்லயே இல்ல."

"லிஸ்ட்டெல்லாம் பார்த்தா தொழில் பண்ண முடியுமா? இப்ப போயி திருப்பி அனுப்பினா என் பேரு நாறிடும். நீ நினைச்சா முடியாதாக்கா? உனக்குத் தெரியாத வேலையா?"

இந்த இடத்தில் அவள் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். எந்த மடையனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "அவன் முகமே சரியில்லடி. அவன் வாயில மண்ணப் போட்டுடாத," என்றாள். பெற்றவளும் கூடப்பிறந்தவனும் சேர்ந்து ஒருத்தி தலையில் மிளகாய் அரைத்தார்கள் என்றால் மிகையே இல்லை. அவளும் தலையை வசதியாகக் குனிந்து கொடுத்தாள்.

கார்டை மெஷினுக்குப் புரிய வைக்கிற குட்டி மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்; யாரோ எங்கேயோ எழுதி இணையத்தில் போட்டு வைத்திருந்த பழைய டிரைவர் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். மென்பொருளைப் பிரித்து, அதை உள்ளே திணித்து, மறுபடி கட்டினாள். ஒத்துவரவில்லை. இன்னொன்றைத் திணித்தாள். கண் எரிய எரிய உட்கார்ந்து, ஒருவழியாக மெஷின் அந்தக் கார்டைக் கண்டுகொண்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. திருட்டுத்தனமாகச் செய்த வேலைக்குக்கூட மனுஷி சந்தோஷப்படுவாளா? பட்டாளே!

மேனேஜரிடம் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. தம்பியிடம் மட்டும் சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. இந்த மெஷின்ல புது வெர்ஷன் மட்டும் ஏத்தவே கூடாது. ஏத்தினா நான் திணிச்ச டிரைவரை அது தூக்கி எறிஞ்சிடும். கார்டு செத்துரும். நல்ல கார்டு கிடைச்சதும் சொல்லு, மாத்திடலாம்."

"சரிக்கா, சரிக்கா," என்றான். அவன் இன்னொரு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

சர்வர் ஓடியது. பில் பறந்தது. லாரிக்காரர்கள் வாசலில் காத்துக்கிடப்பது நின்றது. "பரவாயில்லையே, ஒயர் மேடம் பெரிய ஆளுதான்," என்று மேனேஜரே சொன்னார். சர்வர் அறைக்கு ஒரு மேஜையும் சுழல் நாற்காலியும் வந்தன. வருஷக் கணக்கு முடியட்டும், ஆர்டர் வந்துவிடும் என்றார்கள். நல்ல கார்டைப் பற்றி அவள் கேட்கும்போதெல்லாம் தம்பி, "வந்துட்டே இருக்குக்கா," என்றான்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கூட இருக்கிறேன் என்று ஏற்றுக்கொண்டவன் தம்பி. கிளம்புகிற அன்று காலையில், ஒரு பெரிய பார்ட்டியைப் பார்க்கப் போக வேண்டும் என்று கழன்றுகொண்டான். இவள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். "நான் இல்லாதப்ப ஏதாவதுன்னா தம்பியக் கூப்பிடுங்க சார்," என்று மேனேஜரிடம் சொன்னதும் இவளேதான்.

மேனேஜர் கூப்பிட்டார், பார்ட்டியைப் பார்க்கப் போனவன் வந்து நின்றான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, திரையில் 'புது வெர்ஷன் வந்திருக்கிறது' என்று ஒரு மஞ்சள் பட்டை காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஏத்தலாமா என்று கேட்டார். தெரியாது, அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? "இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை சார்," என்று உட்கார்ந்து ஏற்றிவிட்டான். மெஷின் அணைந்து எழுந்தது. நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லை.

பில் நின்றது. இருப்பு தெரியவில்லை. ஏற்றிய லாரிகள் ஏற்றியபடி நின்றன. மருந்துக்கு ஆள் அனுப்பிய ஆஸ்பத்திரிகள் போனில் கத்தின. இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் போனை அணைத்துவிட்டு, கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தலைதெறிக்க ஓடி வந்தபோது மேனேஜர் அறையில் தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"என்னங்க இது? கம்பெனி டிரைவரே இல்லையாம், எங்கயோ இருந்து எடுத்துத் திணிச்சிருக்கீங்களாம். ஒரு வார்த்தை சொன்னீங்களா? உங்க தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியுது."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் தெளிவாகவே சொன்னான்.

"நான் அப்பவே சொன்னேன் சார், சரி வரலன்னா திருப்பிக் குடுங்கன்னு. அக்காதான், நான் பார்த்துக்கறேன்னாங்க."

அடப்பாவி! அப்படிச் சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ. சொல்லத்தான் வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு வரை வந்தது. கார்டு அவன் கொடுத்தது, புது வெர்ஷன் ஏற்றக்கூடாது என்று அவனிடம் சொன்னேன் என்று. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? அப்போது எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதானே? எப்படித் திரும்பினாலும் மாட்டிக்கொள்வது அவள்தான். அதோடு, கண்ணில் கட்டோடு கிடக்கிற அம்மா. வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். அது ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று.

"சரி, இப்ப என்ன வழி?" என்றார் மேனேஜர்.

"சரியான கார்டு ஒண்ணு இருக்கு சார். கொண்டுவரேன்," என்றான் தம்பி.

மத்தியானத்துக்குள் கொண்டுவந்தான். செருகியது அவள்தான். மெஷினைத் திறந்து, பழைய கார்டைக் கழற்றி, புதியதை வைத்து, திருகு முடுக்கி, ஆன் செய்தாள். திணிக்கவும் வேண்டியிருக்கவில்லை, கெஞ்சவும் வேண்டியிருக்கவில்லை. மெஷின் பார்த்த மாத்திரத்தில் அதை ஏற்றுக்கொண்டது. அவள் முதல் நாள் கேட்ட அதே மாடல்.

"எப்படிடா இவ்வளவு சீக்கிரம் கிடைச்சுது?"

"கடையிலயேதான் இருந்துச்சு," என்றான் அவன், திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டே. "நீ கேட்டப்பவே இருந்துச்சுக்கா. வேற ஒரு பார்ட்டி நல்ல விலை சொல்லியிருந்தான், அவனுக்காக எடுத்து வச்சிருந்தேன். அந்தப் பய கடைசில வாங்கவே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தப் பார்ட்டி தன்னை ஏமாற்றிவிட்டான் என்பதுதான் அவனுக்கு வருத்தம். அவள் கையிலிருந்த பழைய கார்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கண் எரிய எரிய உட்கார்ந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. பழைய கார்டை அவன் கையில் திணித்தாள்.

வருஷக் கணக்கு முடிந்தது. சிஸ்டம் இன்சார்ஜ் என்று ஒரு போஸ்ட்டே வேண்டாம் என்று முடிவாயிற்று. வெளியே கொடுத்துவிட்டால் தலைவலி இல்லையாம். வருஷப் பராமரிப்பு தம்பிக்கு. சுழல் நாற்காலி அவனுக்கு. ஒயர் மேடத்தைப் பில் கவுன்ட்டரில் உட்காரச் சொன்னார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, அந்த மட்டும் பெரிய மனசு. லோடு ஆட்கள் பழக்க தோஷத்தில் "ஒயர் மேடம், பிரிண்டர் நின்னுடுச்சு," என்று வந்தால், "உள்ள இருக்கறவரைக் கேளுங்க," என்பாள்.

அம்மாவிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். ஒன்றுவிடாமல், கார்டு கடையிலேயே இருந்தது வரைக்கும். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"நீ அத்தன நாள் திணறினத அவன் ஒரு கார்டப் போட்டு மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிட்டானாமே. மேனேஜரே சொன்னாராம். சின்ன வயசுலருந்தே உனக்கு அவன் மேல பொறாமைடி."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து எடுத்தபோது போன் அடித்தது. தம்பி. பின்னால் சர்வர் அறையின் இரைச்சல்.

"அக்கா, பில் மெஷினை மட்டும் தனி நெட்வொர்க்ல போடச் சொல்றாங்க. கார்டுல என்னமோ பண்ணினேன், எல்லாம் படுத்துடுச்சு. விடிஞ்சா லோடு ஏத்தணும். மேனேஜர் தலையைத் தின்னுடுவாரு. நீ அன்னிக்கு நெட்வொர்க்க எப்படி செட் பண்ணின? சொல்லேன்."

அவளுக்குத் தெரியும். தனி நெட்வொர்க்குக்கு உரிய ஒரே ஒரு எண்ணைக் கொடுக்காமல் விட்டிருப்பான். நுனி நாக்கில் இருந்தது பதில். கட்டிலிலிருந்து அம்மா, "யாரு, தம்பியா? பாவம்டி, சொல்லிக் குடு," என்றாள்.

"வேற எங்கயும் இந்தப் பிரச்சினை வரலையே தம்பி," என்றாள் ஒயர் மேடம். "உனக்கு மட்டும் என்ன?"

போனை வைத்தாள். அது உடனே மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று தள்ளி வைத்தாள். நாளைக் காலையில் கவுன்ட்டரில் உட்கார்ந்தால் பில் போட முடியாது. லாரிக்காரர்கள் கத்துவது முதலில் அவளிடம்தான். அதுவும் தெரியும்.

"ஏன்டி வச்சிட்ட? அவன் என்ன பண்ணுவான்?" அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படும்மா," என்றாள், இரண்டு சொட்டு விட்டுவிட்டு. "கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டே இரு. திறந்தா எரியும்."