மூன்றாவது பிளக்

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் பழைய கார் நொண்ட ஆரம்பித்தது. வாசலிலேயே உடம்பைக் குலுக்கியது. மன்னார்குடி கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றது. மழை ஈரம் என்று நினைத்தேன். வெயில் அடித்தும் சரியாகவில்லை. தெரிந்த மெக்கானிக் போனிலேயே, "மிஸ்ஸிங் அடிக்குது மேடம். எஞ்சின் இறக்கணும் போல. பழைய வண்டிக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். சென்னையிலிருக்கும் மகன் இதைக் கேட்டதும், "வித்துடும்மா, தஞ்சாவூர் போக வாடகை கார் வச்சுக்கலாம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லி ஒரு புரோக்கரையும் பிடித்துவிட்டான், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

எனக்கு வந்ததே கோபம்! இதய ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவர் கார் ஓட்டக் கூடாது என்றார்கள். அதனால் ஐம்பத்தாறு வயதில் நான் கற்றுக்கொண்டேன். அவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத்தான் கற்றேன், உண்மை. ஆனால் வடுவூர் தாண்டி, நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே நானே ஓட்டிக்கொண்டு போவது எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

சனிக்கிழமை பானெட்டைத் திறந்தேன். எஞ்சினில் தீப்பொறி தரும் நான்கு பிளக்குகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று யூடியூப் வீடியோவில் சொன்னார்கள். நல்ல பிளக்கின் ஒயரைக் கழற்றினால் குலுக்கல் அதிகமாகும். ஷாக் அடிக்குமோ என்ற பயத்தில், ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் ஒயரில் கை வைத்தேன். முதல் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஸ்டார்ட் செய்தபோது வண்டி ஆடித் தீர்த்தது. மூன்றாவதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆசாமி அகப்பட்டான்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக் உட்காரும் குழிக்குள் தண்ணீர். மூடிய பானெட்டுக்குள் இவ்வளவு மழை இறங்க வழியில்லை. மற்றபடி எஞ்சின் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது.

"ஏங்க, பூஜை அன்னிக்கு எஞ்சினைக் கழுவினீங்களா?"

என் கணவர் பேப்பரை மெதுவாக மடித்தார். "நீ உள்ள சுண்டல் தாளிச்சிட்டிருந்தே. ஹோஸ் பைப்ப வச்சு லேசாத்தான் தண்ணி அடிச்சேன்."

"உங்கள யாரு கழுவச் சொன்னா?"

"ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. கழுவக் கூடாதுன்னு சொல்லலியே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. திட்ட வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றித் தண்ணீரை ஒற்றியெடுத்தேன். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஒயரோடு வெயிலில் காயவைத்தேன். டார்ச் பிடித்தது அவர்தான். மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வண்டி சிணுங்காமல் ஓடியது.

மறுநாள் புரோக்கர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஸ்டார்ட் செய்து கேட்டார், முகம் மலர்ந்தது. சாவியைக் கையில் வைத்திருந்த என்னைத் தாண்டிப் போய், "சார், என்ன விலை சொல்றீங்க?" என்று என் கணவரிடம் கேட்டார். மகன் பேச்சை இவர் தட்டி நான் பார்த்ததில்லை.

"அவங்களக் கேளுங்க," என்றார் இவர். "நான் பக்கத்துல உட்காந்து போறவன்."