ஜூஸர் சல்லடையைக் கழுவியவர்

ஜூஸர் ஓடுகிறது, ஆனால் கேரட் சாறு இறங்கவில்லை. இன்று தி.நகரில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மிஷின்ல ஒண்ணும் இல்லம்மா. சல்லடை பூரா அடைச்சிக்கினு கீது. இத்தினி நாளா யாரு கழுவுனது?"

"அப்பா."

"அப்ப அவரையே கழுவச் சொல்லு. சும்மா தண்ணில காட்டி வெச்சா இப்டித்தான்."

"சரிண்ணா" என்றேன். அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது. அதன்பின் சும்மா தண்ணீரில் காட்டி வைத்தது நான்தான்.

வீட்டில் ஜூஸ் போடுவது ஒரு வேலையே இல்லை என்று நான்கு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தவள் நான். அப்பா போட்டுத் தருவதைக் குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடிவிடுவேன்.

சல்லடை தேய்க்க அவர் வைத்திருந்த பழைய டூத் பிரஷ், கேரட் நிறம் ஏறி, இன்னும் சிங்க் ஓரத்தில் இருக்கிறது.

அதைத் தொடாமல் சல்லடை கழுவ வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.