நாலு கதவு வீடு

அச்சு மை வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது...

நாரணாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். எங்கள் பிள்ளைகள் டிராயிங் பேப்பர் வாங்கியதே இல்லை. சிவகாசி பிரஸ்களில் கலர் சேராமல் கழித்துப் போட்ட லேபிள் தாள்கள் வீட்டுக்கு வீடு கிடக்கும். முன்பக்கம் மூக்கு ஒரு இடத்திலும் மூக்குத்தி ஒரு இடத்திலுமாக ஒரு சாமி படம். பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளை பூராவும் என் வகுப்புப் பாண்டிச்செல்விக்குத்தான்.

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த கையோடு வரைய உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் காதில் விழாது.

எனக்கு வரைய வராது. நான் போர்டில் பசு போட்டால், "நாயா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். செல்வி போடும் பசு கழுத்தைத் திருப்பி ஈ ஓட்டும். அதைப் பார்ப்பதற்காகவே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு சீக்கிரம் வகுப்புக்கு வந்துவிடுவேன். அந்தச் சின்னக் கையின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

ஒன்று மட்டும் புரியாது. எந்த வீடு வரைந்தாலும் நாலு பக்கமும் கதவு வைப்பாள். எல்லாம் திறந்தே கிடக்கும்.

"வீட்டுக்கு எதுக்கு இம்புட்டுக் கதவு? களவாணிப்பய வாரதுக்கா?" என்று கேலி செய்தேன்.

"எங்கம்மா வேலை பாக்குற ரூம்ல நாலு கதவு இருக்கு டீச்சர். ஏதும் ஒண்ணுன்னா எந்தப் பக்கமும் ஓடிறலாம்ல" என்றாள்.

அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

அவள் அம்மா மாரியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைப்பவர். விடியும் முன்னே வேன் ஏறிவிடுவார். சாயங்காலம் வந்து இறங்கும்போது கையெல்லாம் வெள்ளியாக மினுங்கும். தேய்த்துக் குளித்தாலும் நக இடுக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை பள்ளிகளுக்கிடையே ஓவியப் போட்டி. தலைப்பு தீபாவளி. மற்ற பிள்ளைகள் ராக்கெட்டும் சங்கு சக்கரமும் வரைந்தார்கள். செல்வி, பாயில் தூங்கும் தன் அம்மாவை வரைந்தாள். தலைக்குக் கையை வைத்து, வாய் லேசாகத் திறந்து... அப்படி ஒரு தூக்கம். சுற்றிலும் நாலு கதவு.

"இதுல தீபாவளி எங்கன இருக்கு செல்வி?"

"அன்னைக்குத்தான் டீச்சர் அம்மா வீட்ல இருக்கும். பகல் பூரா தூங்கும்."

தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுவரிடம் சண்டையே போட்டேன். பலன் இல்லை. செல்வியிடம், "இத நான் வச்சுக்கிடவா?" என்று கேட்டேன். பரிசு வாங்கியவள் மாதிரி சிரித்தாள்.

அந்தத் தீபாவளி சீசனிலேயே ஒரு மத்தியானம் வகுப்பு ஜன்னல்கள் அதிர்ந்தன.

எங்கள் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் என்னவென்று யாரும் கேட்பதில்லை. எந்தத் திசையில் புகை என்றுதான் பார்ப்பார்கள். செல்வியும் பார்த்தாள். கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

மாரியம்மாள் வேலை பார்த்த ரூம்தான். ஆர்டர் நெருக்கடியில் கதவுகளை மறித்துச் சரக்கை அடுக்கியிருந்தார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்...

அம்மாவின் காரியம் முடிந்து பள்ளிக்கூடம் வந்தவளிடம் தாளும் பென்சிலும் நீட்டினேன். "வேணாம் டீச்சர், வர மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்தாள். அந்த வருடமே ஆமத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். காலி பெஞ்சைப் பார்த்து நான் அழுத நாட்கள் உண்டு.

நான் ரிட்டயர் ஆகி இப்போது விருதுநகரில் இருக்கிறேன். என் பேரன் போனில் விரலால் வரைகிறான், பிடிக்காவிட்டால் அழித்துவிடுகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கழிவுத் தாள்கள் ஞாபகம் வரும்.

போன மாதம் செல்வியே தேடிக்கொண்டு வந்தாள். புருஷனோடு சேர்ந்து ஆமத்தூரில் வீடு கட்டியிருக்கிறாளாம், பால் காய்ச்சுக்குக் கூப்பிட வந்தாள். பீரோவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரே ஒரு ஹால், ஒட்டினாற்போல் அடுப்படி. ஹாலுக்கு நாலு பக்கமும் கதவு.

"கொத்தனார் ஏசுனாரு டீச்சர். கட்டில எங்கன போடுவ, பீரோவ எங்கன வைப்பன்னு. கதவுப் பக்கம் ஒரு சாமானும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"யாரு பிளான் போட்டுக் கொடுத்தது?"

"நாந்தான். அதுக்குப் பெறகு நான் வரைஞ்சது இது ஒண்ணுதான் டீச்சர்."

படத்தை எடுத்துக் கொடுத்தேன். பென்சில் கோடு மங்கியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். மாட்டுவதற்குச் சுவரில் இடம் தேடினோம். கடைசியில் இரண்டு கதவுகளுக்கு நடுவே ஆணி அடித்து மாட்டினாள்.

"அம்மா நல்லாத் தூங்குதுல்ல டீச்சர்" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்... நாலு கதவும் திறந்துதான் இருந்தன.