நிறுத்தக்கூடாத கார்

என் கணவர் காரின் முன்மூடியைத் திறந்ததும் குப்பென்று மண்ணெண்ணெய் மணந்தது. மெக்கானிக் தம்பி உள்சாமான்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் போயிருந்தார். வேறொன்றுமில்லை. ஆனால் முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற எனக்கு விளக்குமாறு கையோடு அப்படியே நின்றுவிட்டது.

“எஞ்சினை இறக்கித்தான் திருத்தோணும் அம்மா. எப்பவாவது ஒருக்கா கோயிலுக்கு ஓடுற காருக்கு உவ்வளவு வேலை எதுக்கு? வித்துப்போடுங்கோவன்” என்று தம்பி சொல்லியிருந்தார். இவருக்கும் அதே எண்ணம்தான். முழங்கால் வருத்தம் வந்தபிறகு இவர் வாசல் படலை தாண்டுவதே குறைந்துவிட்டது. வவுனியாவிலிருந்து ஒருவர் வாங்க வருவதாகவும் பேச்சாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, வரட்டும் என்று இருந்தேன்.

மண்ணெண்ணெய் மணத்துக்கு வருகிறேன். யுத்தத்தில் வன்னிக்குள் பெற்றோல் வரவிடாத காலம் ஒன்று இருந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் இதே ஒஸ்ரின் கார்தான் அப்போது மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. இவர் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவார். நான் எஞ்சினுக்குள் தலையை விட்டு, கார்பரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் ஊற்றுவேன். அது இருமி இருமி உயிர் பிடித்ததும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவோம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கார்பரேற்றர் எங்கே இருக்கிறது என்று மட்டும் இன்றைக்குக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன்.

அந்தப் பெற்றோலை இருமல் பாணி மருந்துப் போத்தல் ஒன்றில் அடைத்து சாமி அறையில் வைத்திருந்தேன். ஒருவரும் தொடாத இடம் அதுதானே. அதனால் எங்கள் பிள்ளையாருக்கு அந்த நாட்களில் கற்பூரம் வாசலுக்கு வெளியில்தான்; அவர் ஒன்றும் குறை நினைக்கவில்லை. ஒருநாள் இவருடைய அக்கா, என் பெரிய மச்சாள், கும்பிட்டுவிட்டு அதைத் தீர்த்தம் என்று உள்ளங்கையில் ஊற்றி வாயருகே கொண்டுபோய்விட்டார். பிறகு கேட்க வேண்டுமா?

“எடியே, சாமிக்குப் பக்கத்தில வைக்கிற சாமானே இது!”

“மச்சாள், இதைவிடப் பெறுமதியான சாமான் எங்கட வீட்டில வேறயில்லை. மிச்சத்தைத் திருப்பி ஊத்துங்கோ” என்றேன். ஊற்றினார். ஏசிக்கொண்டேதான் ஊற்றினார்.

ஒரு மூடி பெற்றோல் அப்படி அருமையாக இருந்ததால், ஒருமுறை பிடித்த எஞ்சினை வேலை முடியும்வரை நிறுத்துவதில்லை. மச்சாளின் மகளுக்கு அம்மன் கோயிலில் தாலி கட்டியபோதும் கார் வாசலில் உறுமிக்கொண்டேதான் நின்றது. வெள்ளைப் புகை மண்டபத்துக்குள் வந்தது. ஐயர் மந்திரத்துக்கு நடுவே இருமினார். மச்சாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து இவரை ஏசினார். இவர் பயந்துபோய் எஞ்சினை நிறுத்தத் திறப்பில் கைவைத்தார். அவ்வளவுதான், மச்சாள் முன்னிலும் பலமாகக் கத்தினார்: “நிப்பாட்டிப்போடாதை தம்பி! பொம்பிளை பிறகு நடந்தே வீட்டை போறது?”

கடைசி இடப்பெயர்வில் காரை எங்கள் கண்டாவளை வீட்டு மாமரத்தடியில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. காருக்கு நாலு சில்லும் இல்லை, இருக்கைகள் இல்லை, ஆனால் எஞ்சினோடு நின்றது. மச்சாள் எங்களோடு திரும்பி வரவில்லை.

வவுனியாக்காரர் வந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை. காரைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். இவர் நேர்மையாக, “எஞ்சின் வேலை கிடக்கு. சொல்லாமல் விக்க மனமில்லை” என்றார்.

“ஓடத் தேவையில்லை ஐயா, நிண்டாக் காணும். கலியாண மண்டப வாசலில விடப்போறன். சோடியள் சாய்ஞ்சு நிண்டு படம் எடுப்பினம். எஞ்சினைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அதுக்குள்ள பூமரம் வைப்பம்.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. கார் விக்கிறேல்லை” என்றேன்.

இவர் திடுக்கிட்டார். “இஞ்சேரும், உமக்கென்ன விசரே? முழங்கால் ஏலாத எனக்கு இனி என்னத்துக்குக் கார்?”

“முழங்கால் ஏலாதெண்டு நான் உங்களை விக்கிறனானே?”

வந்தவர் தேநீர் புரைக்கேறச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை, இரண்டு நாள் என்னோடு கதைக்கவுமில்லை. நான் அசையவில்லை. ஒன்றுமே ஓடாத காலத்தில் ஓடிய காரை, எல்லாம் ஓடுகிற காலத்தில் பூச்சாடியாக நிறுத்தி வைக்க நான் சம்மதிப்பேனா? நீங்களே சொல்லுங்கள். சிறுபோக நெல் விற்ற காசில் என் பங்கு எஞ்சினுக்குள் போனது. போகட்டும். சனங்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அம்மன் கோயில் பொங்கலுக்குக் காரில்தான் போனோம். பானையும் அரிசியும் பின்னால், நான் முன்னால், இவர் முழங்காலைத் தடவித் தடவி ஓட்டினார். வாசலில் நிறுத்தியும் எஞ்சினை அணைக்கவில்லை.

“நிப்பாட்டுங்கோவன். இப்ப எப்பவும் ஸ்ராட் எடுக்கலாம்தானே” என்றேன்.

இவர் கண்ணாடிக்கு வெளியே கோயில் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நிப்பாட்டினா அக்கா ஏசுவா.”

நான் பானையோடு இறங்கினேன். புகையில் இப்போது மண்ணெண்ணெய் மணம் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து ஏச அந்த மண்டபத்தில் ஒருவருமில்லை. அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு முடியும்வரை, எங்கள் கார் வாசலில் ஓடிக்கொண்டே நின்றது.