கோலசிலாங்கூர்ச் சுகாதார சபையும் ஒரு செவலைப் பசுவும்

கடல் கடந்த நாடுகளைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் புலிகள் மிகுதி. நான் புலி எதனையும் காணவில்லை; ஆகையால் இக்கட்டுரையில் புலி வாராது. எங்கள் ஊர் நகரசபை உறுப்பினர் சிலர், மலாய் நாட்டுச் சிறு நகரம் ஒன்றின் ஆட்சி எவ்வாறு பகுதி பகுதியாக வகுக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்து எழுதுமாறு கேட்டிருந்தனர். அவர்கள் இதனைப் படித்துவிட்டு நம் ஊரிலும் அவ்வாறே செய்ய முனையக்கூடும். காற்றுவாக்கில் கேட்டதை உண்மையென எழுதிவிட்டால் அதனால் வரும் தீங்கு என்னோடு நில்லாது. எனவே, நான் கண்ணால் கண்டவையும், அந்தந்தப் பணியில் இருப்போரே வாயால் சொன்னவையும் மட்டுமே இங்கு இடம்பெறும். ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே எழுதுவேன்.

மாசித் திங்கள் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கிள்ளானில் மோட்டார் வண்டி ஏறினேன். கட்டணம் எண்பது காசு. கோலசிலாங்கூர் இருபத்தெட்டு மைல் என்று வண்டியோட்டி சொன்னார். மைல்கற்களை நான் எண்ணவில்லை. காப்பார் என்னும் ஊர் வரையில் இரு மருங்கும் ரப்பர்த் தோட்டங்கள். அதற்கப்பால் தென்னை மிகுந்தது; இடப்புறமிருந்து கடற்சேற்றின் மணம் விட்டுவிட்டு வந்தது.

ஜெரம் என்னும் ஊருக்கு முன்னால் ஒரு பலகைப் பாலத்தில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. அனைவரும் கீழே இறங்கினோம். வண்டியோட்டி காதர் தலைத்துணியை அவிழ்த்து உதறிவிட்டுப் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பாலம் யாருடையது, பாய்?" என்று கேட்டேன். நான் வந்த வேலையே அதுவல்லவா?

"பாலம் சர்க்காருது. ஓட்டை நம்முளுது," என்றார் அவர்.

"அப்படியானால் யார் அடைப்பது?"

"பின்னால வர்ற வண்டிக்காரன் அடைப்பான் லா. நமக்கு என்ன?"

ஆயினும் அவரே தென்னை மட்டைகளை வெட்டி வந்து ஓட்டையை அடைத்தார். இதில் இரண்டு மணி நேரத்துக்குமேல் கழிந்தது. கோலசிலாங்கூரை அடைந்தபோது நண்பகல்.

ஊர் சிறிது. ஒரு குன்று; குன்றின்மேல் கலங்கரை விளக்கம்; கீழே கடைத்தெரு; கடைத்தெரு முடிகிற இடத்தில் ஆறு. ஆறு இங்கே கடலை நெருங்கிவிட்டபடியால் அகன்று, தேயிலைச் சாற்றின் நிறத்தில், ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி கிடக்கிறது. அக்கரையில் மீன்பிடிப்போர் வாழும் பாசிர் பெனம்பாங்.

என்னை எதிர்கொண்டவர் திரு. செல்லையா. யாழ்ப்பாணத்தவர்; மாவட்ட அலுவலகத்தில் தலைமை எழுத்தர்; என் கிள்ளான் நண்பர் ஒருவரின் மைத்துனர். உணவிட்டு, வெற்றிலை தந்து, தாமும் வெள்ளை மேற்சட்டையை மாட்டிக்கொண்டு என்னை அழைத்துச் சென்றார்.

அலுவலகம் குன்றின் சரிவில் கட்டப்பட்ட நீண்ட கட்டிடம். முன்புறம் அகன்ற படிகள். படிகளுக்கு எதிரே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்றிருந்தனர். நாங்களோ பக்கவாட்டுக் கதவின் வழியே உள்ளே சென்றோம்.

செல்லையா காட்டிய ஒழுங்கினைக் கூடியவரை அவர் சொன்னவாறே தருகிறேன். மாவட்டத் துரை எல்லாவற்றுக்கும் மேலிருப்பவர். அவரே நிலப் பகுதிக்குத் தலைவர்; சிறு வழக்குகளையும் அவரே கேட்பார்; சுகாதார சபைக்கும் அவரே தலைவர். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி அறை, தனி எழுத்தர், தனிச் சன்னல். நிலப் பகுதி உரிமைச் சீட்டுகளைப் பார்ப்பது. பொதுப்பணிப் பகுதி சாலை, பாலம், அரசினர் வீடுகளுக்குரியது. மருத்துவப் பகுதி மருத்துவமனையோடு கொசுவையும் கவனிக்கிறது. தோட்டத் தொழிலாளர் குறைகளைக் கேட்கும் துரை வெளியூரிலிருந்து குறித்த நாள்களில் மட்டும் வருவார். தெருவைப் பெருக்குதல், விளக்கேற்றுதல், சந்தை, சாக்கடை, இறைச்சிக் கூடம், தெருவில் திரியும் கால்நடை ஆகிய யாவும் சுகாதார சபையைச் சேர்ந்தவை. அச்சபையின் ஆட்சி எல்லைக்கல் வரையில்தான். கல்லுக்கு அப்பால் தோட்டம். தோட்டத்துக்குத் தோட்டத் துரையே எல்லாம்.

"சாலையிலே ஒரு நாய் செத்துப்போனால்?" என்று கேட்டேன்.

செல்லையா சிரித்தார். "கல்லுக்கு இந்தப் பக்கம் செத்தா சபையின்ர நாய். அந்தப் பக்கம் செத்தா பொதுப்பணியின்ர நாய்."

"சரியாகக் கல்லுக்கு நேரே?"

"அப்பிடி ஒரு நாயும் இன்னும் சாகேல்லை. செத்தாலும், முதல்ல காணுறவன் காலால தள்ளி மற்றப் பக்கம் விட்டிடுவான். சிரிக்காதேங்கோ, இப்பிடிப் பிரிச்சு வைக்காட்டி ஒரு வேலையும் நடவாது."

அது மெய்யே. நம் நகரசபையில் ஒரே மேலாளரின் மேசைமேல் சாக்கடையும் பள்ளிக்கூடமும் சந்தை ஏலமும் ஒன்றன்மேலொன்றாகக் கிடப்பதைக் கண்டவன் நான். இங்கே ஒரு சன்னலில் கேட்ட கேள்விக்கு அச்சன்னலிலேயே விடை கிடைத்தது. இதனை வியந்து குறித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு, "வாருங்கோ, சபை வேலையை நேரிலயே பாக்கலாம்," என்று செல்லையா சந்தைக்குப் பின்புறம் அழைத்துச் சென்றார். அங்கே மூங்கிற் கழிகளால் அடைத்த கொண்டித் தொழு இருந்தது. தெருவில் திரிந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் இடம். இங்குள்ள நம்மவர் அதனைப் பவுண்டு என்பர். உடையவர் குறித்த நாளுக்குள் வந்து மீட்காவிடில் மாடு ஏலம் போகும். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்திலும் மலாயிலும் சீட்டு ஒட்டியிருந்தது. அன்று ஏலத்துக்கு நின்றது ஒரே ஒரு செவலைப் பசு. மடி கனத்துப் பால் தானாகவே சொட்டிக்கொண்டிருந்தது. அது ஆற்றின் பக்கம் அல்லாமல், ஊருக்குள் வரும் சாலையின் பக்கமே முகத்தை வைத்துக் கத்தியது.

"கன்னுக்குட்டி எங்கயோ கெடந்து கத்துது போல," என்றார் கூட்டத்தில் நின்ற பால்காரர் ஒருவர்.

"அப்ப நீ வாங்கிக்கிட்டுப் போய்க் கன்னுக்குட்டியா இரு," என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தனர்.

மணியை மூன்று முறை அடித்தனர். சபையின் கண்காணிப்பாளர் விதியைப் படித்தார். அக்கரையிலிருந்து வந்திருந்த வணிகர் ஒருவர் பால்காரரை விஞ்சிக் கேட்டு எடுத்தார். உரத்த பேச்சில்லை, தள்ளுமுள்ளு இல்லை, கையூட்டு இல்லை. பத்து நிமிடத்தில் யாவும் முடிந்து, பசு ஆற்றுத்துறையை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. இத்துணைச் செவ்வையான ஏலத்தை நான் நம் நாட்டில் கண்டதில்லை என்று செல்லையாவிடம் சொன்னேன். அவரும் மகிழ்ந்தார்.

திரும்பியபோது முன்புறமாக ஏறினோம். தூங்குமூஞ்சி மரத்தடியில் அவ்விருவரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தனர். உட்காரவும் இல்லை. ஆணுக்கு நாற்பது வயதிருக்கலாம். துண்டை இடுப்பில் சுற்றிக் கைகளைக் கட்டியிருந்தான். பெண்ணின் தோளில் புதுக்கயிறு ஒன்று சுருட்டித் தொங்கியது. அக்கயிற்றைக் கண்டதும் நின்றேன்.

"யாரைப் பார்க்க வந்தீர்கள்?"

"பேரு கூப்புடுவாங்கன்னு நிக்கிறோம் சாமி," என்றான் அவன்.

"எப்போது வந்தீர்கள்?"

"வெயிலு ஏறுறதுக்கு முந்தியே வந்துட்டோம்."

பெண் முன்னே வந்தாள். "எங்க மாடு பவுண்டுல கெடக்குதுங்க. செவலப் பசு. ஈன்டு ஒரு மாசங்கூட ஆவல. கன்னு லயத்துல கத்திக்கிட்டே கெடக்கு, புல்லு கடிக்கத் தெரியல அதுக்கு."

செல்லையாவின் முகம் மாறிற்று. "இஞ்ச நிண்டு என்ன செய்தனீங்கள்? சபைச் சன்னல் அந்தப் பக்கம். வந்து கேட்டிருக்கலாமே!"

"கூப்புடாம எப்படிங்க கிராணி ஐயா முன்னுக்கு வர்றது?"

இவ்விடத்தில் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். விடியுமுன் தொழிலாளர் அனைவரும் லயங்கள் எனப்படும் தொடர்வீடுகளுக்கு முன்னே வரிசையாக நிற்பர். அதற்குப் பெரட்டு என்று பெயர். தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர்களைப் படிப்பார். பெயர் கேட்டவன் மட்டும் முன்னே வருவான். கேளாமல் அடியெடுத்து வைத்தவனை மேற்பார்வையாளரான மண்டோர் ஏசுவார். நாள்தோறும் அவ்வாறு நின்று பழகிய இவர்கள், அலுவலகம் என்றாலும் அப்படித்தான் என்று எண்ணினர்.

"நான் அப்பவே சொன்னேன், உள்ள போய்க் கேளுய்யான்னு," என்றாள் பெண். அவள் பெயர் மாரியாயி; கணவன் சடையன். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள். "இந்த மனுசன் மண்டோரு மரத்துமேல ஒளிஞ்சிருக்கிற மாதிரி பயந்து நின்னாரு."

"நீ போயிருக்கலாமுல்ல?"

"நானும் ஒன்னோடதான நின்னு பழகிருக்கேன்," என்றாள் அவள். பிறகு எங்களை நோக்கி, "கீழ மணி அடிச்சாங்களே, அது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

பசு ஏலம் போன மணி அது என்று நான் சொன்னேன். அவள் அழவில்லை. கயிற்றை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "எந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போனாங்க?" என்றாள்.

ஆற்றுத்துறைக்குப் புறப்படுமுன் செல்லையா ஒவ்வோர் அறையிலும் சென்று கேட்டார். நானும் உடன் சென்றேன். நிலப் பகுதி எழுத்தர் இவர்களைக் காலையிலேயே கண்டார். தொழிலாளர் துரையைக் காண வந்தவர் என எண்ணினார். மருத்துவப் பகுதியார், காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்து நிற்பதாக நினைத்தனர். பொதுப்பணிப் பகுதியில் சாலை வேலை கேட்டு வந்தவர் என்றனர். சபைச் சன்னலில் இருந்தவர், "முன்வாசலில் நிற்பவர் துரையின் வழக்குக்கு வந்தவர்தாமே?" என்றார். ஒருவரும் தம் வேலையில் தவறவில்லை. எல்லாரும் அவர்களைக் கண்டனர். எல்லாரும் அவர்கள் அடுத்த அறைக்கு உரியவர் என்றே கருதினர்.

"விற்பனையை மாற்ற வழியுண்டா?" என்று கேட்டேன்.

"மணி அடிச்சு வித்தாச்சு. இனி வாங்கினவன் மனசு வைச்சாத்தான்," என்றார் செல்லையா. "நான் வந்து அவனோட கதைச்சுப் பாக்கிறன்."

நால்வரும் படகேறினோம். கடல்நீர் வற்றம் தொடங்கி ஆறு கடலை நோக்கி இழுத்ததால் படகு சாய்வாகவே சென்றது. படகோட்டி மலாய்க்காரர். மாரியாயி அவரிடம் தயக்கமின்றி மலாய் பேசினாள். எங்களைவிட நன்றாகவே பேசினாள் என்பது என் கருத்து. பசு முந்தின படகில் போயிற்று என்றும், அவ்வணிகர் அக்கரையில் தங்குபவர் அல்லர், வடக்கேயிருந்து வருபவர் என்றும் அவர் சொன்னார்.

பாசிர் பெனம்பாங்கில் மீன்வலை உலர்த்திக்கொண்டிருந்த சீனர்கள் கையை வடக்கே காட்டினர். சேற்றில் குளம்பின் சுவடு தெரிந்தது. அலையாத்தி மரங்களுக்கிடையே செல்லும் மண்பாதையில் சிறிது தொலைவு நடந்தோம். எங்கும் பசுவின் குரல் இல்லை. வெயில் சாயத் தொடங்கியது. சடையன் நின்றான்.

"விடிஞ்சா பெரட்டு. நிக்கலன்னா பேர வெட்டிருவாங்க."

"ஒன் பேரு இருக்கட்டும், நீ போ," என்றாள் மாரியாயி. "எம் பேரப் படிச்சாங்கன்னா, மாட்டத் தேடிப் போயிருக்கான்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா விடுவாங்களா?"

"விடாட்டிப் போறாங்க. கன்னுக்குக் கஞ்சித்தண்ணிய வெரல்ல தொட்டு ஊட்டு. சட்டியில வச்சா குடிக்காது அது."

செல்லையா தடுத்தார். நாளைக் காலை தாமே ஆளனுப்பி விசாரிப்பதாகச் சொன்னார். "நீங்க நல்லவங்கதான் ஐயா," என்றாள் அவள். "ஆனா நீங்க அனுப்புற ஆளு எங்க மாட்டக் கண்டாத் தெரிஞ்சுக்குமா?" அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள். பாதை வளையும் இடம்வரையில் தோளிலிருந்த கயிறு தெரிந்தது.

நாங்கள் சடையனோடு ஆற்றைக் கடந்து திரும்பினோம்; அவன் தோட்டத்துக்குப் போனான். இரவு செல்லையாவின் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை வண்டி ஏறுமுன் சபைச் சன்னலுக்குச் சென்று, முன்வாசலில் காத்து நிற்போரை அழைத்து எதற்கு வந்தீர் எனக் கேட்பது எந்தப் பகுதியின் பணி என்று கேட்டோம். சபையார் அது மாவட்ட அலுவலகத்தின் வாசல் என்றனர். மாவட்ட அலுவலகத்தார் மரத்தடி பொதுப்பணிப் பகுதியின் நிலம் என்றனர். செல்லையா என்னைப் பார்த்தார். நாய்க் கதையை இருவரும் எடுக்கவில்லை.

நம் ஊரில் மாட்டை ஏலமிடுமுன் பறையறைந்து தெருத்தெருவாகச் சொல்வர். பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டு ஏச வருவர், ஏலம் தள்ளிப்போகும், கணக்கு ஒருபோதும் நேராகாது. அதனை நானே பலமுறை பழித்திருக்கிறேன். நகரசபை உறுப்பினர்க்கு நான் எழுதக்கூடியது இதுவே: இங்குள்ள பகுப்பு நன்று, அறைகள் நன்று, சன்னல்கள் நன்று. அவற்றை எடுத்துக்கொள்வீராயின், படிக்கட்டின் கீழே நின்று கேட்பதற்கென்று ஒருவரையும் சேர்த்து எடுத்துக்கொள்க.

அறியாதனவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவ்வணிகர் பசுவைப் பாலுக்கு வாங்கினாரா இறைச்சிக்கு வாங்கினாரா, தெரியாது. மாரியாயி எவ்வளவு தொலைவு சென்றாள், பசுவைக் கண்டாளா, தெரியாது. அவள் பெயர் பெரட்டில் இன்னும் இருக்கிறதா என்று செல்லையாவுக்கு இருமுறை எழுதிக் கேட்டேன். அது தோட்டத்துக்குரிய செய்தி, எல்லைக்கல்லுக்கு அப்பாற்பட்டது, தம்மால் கேட்டறிய இயலவில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறார்.