நஸ்ரினின் பதினொரு மணி இட்லி

தராசிலிருந்து நஸ்ரினை இறங்கச் சொல்லிவிட்டு மறுபடி ஏறச் சொன்னேன். மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்ற நப்பாசைதான். இரண்டாம் தடவையும் அதே நம்பர். போன வாரத்தைவிட எடை இறங்கியிருந்தது.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள். மும்பையில் ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன், ரிட்டயர் ஆகப் போகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் புரதம், கலோரி எல்லாம் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு நஸ்ரின் விஷயத்தைச் சொல்கிறேன்.

தாராவிப் பெண், பதினேழு வயது. வாப்பாவுக்குத் தோல் பை தைக்கிற பட்டறை. முட்டிக்கு மேலே தொடை எலும்பில் கட்டி. கீமோ கொடுத்துக் கட்டியை அடக்கிவிட்டு, காலை எடுக்காமல் கெட்ட எலும்பை மட்டும் எடுத்து உலோகம் வைப்பதாகத் திட்டம். டாக்டர் என்னிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "இன்னும் எடை இறங்கினா அடுத்த கீமோ தாங்க மாட்டா. ஆப்பரேஷன் தள்ளிப்போகும். அப்புறம் அந்தக் காலுக்கு நான் கேரண்டி இல்ல."

சார்ட் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். வாய்ப்புண்ணுக்குக் காரமில்லாத, மெத்தென்ற சாப்பாடு. குமட்டலுக்கு ஆற வைத்த சாப்பாடு, சூடு ஆறினால் வாசனை கம்மி. வாயெல்லாம் இரும்பு நாற்றம் என்றால் பிளாஸ்டிக் ஸ்பூன். ரத்தத்தில் வெள்ளணு கவுன்ட் குறைந்திருக்கும்போது வெளியே வாங்கியது கூடவே கூடாது, அப்போது ஆக்கியது மட்டும். இரண்டு மணிக்கொருதரம் கொஞ்சம் கொஞ்சமாக. ரொம்ப அழகான சார்ட். எடைதான் அதைப் படிக்கவில்லை.

"நேத்து காலைலேருந்து என்னென்ன சாப்பிட்டேன்னு ஒண்ணு விடாம சொல்லு," என்றேன்.

அவள் உம்மா முந்திக்கொண்டார். "நோன்புக் கஞ்சி, வடை, சமோசா, பேரீச்சம்பழம், எல்லாம் தட்டுல வச்சேன் மேடம். வாயில வைக்குமுன்னே வாந்தி."

"அதெல்லாம் சாயங்காலம். பகல்ல என்ன, காத்தா?"

நஸ்ரின் பக்கம் திரும்பினேன்.

"நீயும் நோன்பு வைக்கிறியா?"

"இல்ல மேடம்."

"முடியாத பிள்ளைக்கு நோன்பு இல்லன்னு பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்லிட்டாக," என்றார் உம்மா. "நானும் ஆக்கி வச்சுக் கெஞ்சிப் பார்த்துட்டேன். பசிக்கல, பசிக்கலன்னு பொய் சொல்லுதா."

"வீடும் பட்டறையும் ஒரே ரூம் மேடம்," என்றாள் நஸ்ரின். "வாப்பா, அண்ணன், பட்டறை ஆளுங்க எல்லாரும் பச்சத் தண்ணி குடிக்காம மெஷின் மிதிக்காங்க. அவங்க முன்னாடி நான் மட்டும் எப்படித் தின்ன?"

பகலில் வெட்கம். சாயங்காலம் அதே ரூமில் வடை பொரிகிற எண்ணெய் வாசனை, வாந்தி. இரண்டு வேளையும் போச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு என் சார்ட்டை நானே கிழித்துப் போட்டிருப்பேன். அவள் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

மூலை நாற்காலியில் ஒரு அம்மா தூங்கி வழிந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா. விடியலில் இட்லி அவித்து வியாபாரத்துக்கு அனுப்புகிறவர். நோன்போடு உம்மா லோக்கல் டிரெயினில் மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்று துணைக்கு வந்திருந்தார். பட்டென்று கண்ணைத் திறந்தார்.

"அரே மேடம், இதுக்குப் போய் காலி பீலி டென்ஷன் எதுக்கு? எனக்குத்தான் நோன்பு இல்லையே. யாவாரம் முடிஞ்சு பதினோரு மணிக்கு நான் ஒத்தையிலதான் தின்னுதேன். ஏட்டி, நாளையிலேருந்து எங்கூட வந்து தின்னு. என் மூஞ்சியப் பார்த்தா ஒனக்கு வெக்கம் வராதுல்ல?"

"சிரிப்புதான் வரும்க்கா," என்றாள் நஸ்ரின்.

உம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

நான் விடவில்லை. வியாபார இட்லி வேண்டாம், அவளுக்கென்று புதிதாக ஒரு ஈடு. காரமில்லாத பருப்பு, நன்றாக வெந்த முட்டை. வடை பொரிக்கிற நேரத்திலும் அக்கா வீட்டிலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்று தலையாட்டினார் பாக்கியம் அக்கா.

அடுத்த வாரம் எடை இறங்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஏறியிருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பாக்கியம் அக்காவும் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு அலறினார்: "ஐயோ, இவளுக்குத் துணையா நானும்லா ரெண்டு மணிக்கொருதரம் தின்னுட்டேன்!" ஓபிடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்தார். கால் தப்பியது.

அதிலிருந்து புது பேஷன்ட் யார் வந்தாலும் என் முதல் கேள்வி "என்ன சாப்பிடுறே" இல்லை, "யார்கூட உக்காந்து சாப்பிடுறே" என்பதுதான். நீங்களும் அதையே முதலில் கேளுங்கள். சார்ட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே வழக்கம்போல் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வாக்கர் வந்தது, பின்னாலேயே நஸ்ரின், தன் இரண்டு காலில்.

"மேடம், யார்கூட உக்காந்து சாப்பிடுறீங்க?"

"கம்ப்யூட்டர்கூட," என்றேன்.

வாக்கரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மெதுவாக எதிரே உட்கார்ந்து, அவளும் ஒரு டப்பாவைத் திறந்தாள். "பாக்கியம் அக்கா இட்லி. உங்களுக்கும் சேர்த்துத்தான். அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

தள்ளி வைத்தேன்.