கண்ணாடி ஐஸ்

என் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் "கப்பல்ல வேலை" என்று சொல்வோம். அதோடு நிறுத்திக்கொள்வோம். ஜெகதாப்பட்டினத்தில் கப்பல் என்றால் ஒரு மரியாதை உண்டு. அதற்கு மேல் யாரும் தோண்டமாட்டார்கள். அவர் பெரிய சுற்றுலாக் கப்பலில், பாரில் நின்று, வெள்ளைக்காரர்களுக்கு மது கலந்து கொடுக்கிறார் என்பது வீட்டு ஆட்களுக்குத் தெரியும். வெளியே தெரிந்த ஒரே ஆள் என் மனைவியின் தம்பி.

மச்சினன் விசைப்படகு டிரைவர். கடலில் பன்னிரண்டு பேர் சத்தத்தை அவன் ஒருவனே போடுவான். "நான் தண்ணியில போட்டு ஓட்டுறேன், ஒங்க மாப்பிள்ளை போட்டுல தண்ணி ஊத்துறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் மச்சான்" என்பான். ஊருக்குள் சொல்லமாட்டான். அக்காள் மகள் வாழ்க்கை என்கிற பயம் உண்டு. ஆனால் வீட்டுக்குள், மாப்பிள்ளை காதில் விழும்படி சொல்லுவான். மாப்பிள்ளை சிரித்துக்கொள்வார். என் மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். எனக்குப் பேச வராது. அஞ்சாவது வரைதான் படித்தேன். இந்தக் கூச்சம் அதனால் வந்ததா, கூடவே பிறந்ததா தெரியாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பிளாண்டில் வேலை. அங்கே மெஷின் ஓடுகிற சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. எனக்கு ஏற்ற இடம். மாப்பிள்ளையோடும் நான் நேராகப் பேசியது குறைவு. அவரும் என்னைப் போலத்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மகள்தான் தபால்காரி. "அப்பா சாப்பிட்டாங்களான்னு கேளு" என்று அவர் சொல்வார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

போன தடவை லீவில் வந்தபோது மச்சினன் அவரை விடவில்லை. "அப்படி என்னத்தப்பா கலக்குற? எங்களுக்கும் ஒண்ணு காட்டு" என்றான். மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. கொல்லையில், முருங்கை மரத்தடியில் ஸ்டூலைப் போட்டார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை ரம், எலுமிச்சம் பழச் சாறு, சீனித் தண்ணீர். மூன்றே சாமான். டைக்கிரி என்று பேர் சொன்னார். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்துப் போட்டுக் குலுக்கி ஊற்றிக் கொடுத்தார். மச்சினன் ஒரு வாய் குடித்தான். மீதியை முருங்கை வேரில் ஊற்றினான்.

"மாவு வாடை அடிக்குது, மீன் வாடை அடிக்குது. எலுமிச்ச ஜூஸ் போடுறதுக்கா கேட்டரிங் படிச்ச?"

மாப்பிள்ளை கிளாஸ்களைத் தானே கழுவி வைத்தார். அப்புறம் மகளிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "ஐஸ் சரியில்ல. பொடுக்குன்னு கரைஞ்சு தண்ணியாப் போச்சு. ஃபிரிட்ஜ்ல இருக்கிற எல்லா வாடையும் அதுலதான் ஏறியிருக்கு."

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஐஸ்காரன் வீட்டில் ஐஸ் சரியில்லாமல் ஒரு மனுஷன் தலை குனிந்துவிட்டார். அவர் கப்பலுக்குத் திரும்பிப் போன பிறகும் அது எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் லீவு வந்தது. விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். பிளாண்டில் நாட்டுப் படகுக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஐஸ் ஓடும். பாதித் தொட்டி சும்மா இருக்கும். நான் மொதலாளியிடம் போய் நின்றேன்.

"ஒரு கேன் எனக்கு வேணும்."

"வீட்ல விசேஷமா?"

"மாப்பிள்ளை வந்திருக்காரு."

அவர் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை வந்தா கோழி அடிப்பாங்க, ஆட்டுக்கறி எடுப்பாங்க. நீ என்னய்யா ஐஸ் உறைய வைக்கிற?" என்றார். ஆனாலும் புதுக் கேன் ஒன்றைக் கொடுத்தார்.

நாங்கள் உறைய வைப்பது மீனுக்கான ஐஸ். போர்வெல் தண்ணீரைத் தகரக் கேனில் நிரப்பி, உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவோம். அந்த உப்புத் தண்ணீர் உறையாமலே கடும் குளிராக இருக்கும். அதன் குளிரில் கேனுக்குள் இருக்கிற தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைந்து வரும். காற்று, அழுக்கு எல்லாம் தள்ளிக்கொண்டே போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். மீன் ஐஸ் நடுவில் பால் போல வெளுத்திருப்பது அதனால்தான். மீனுக்கு அது போதும். மீன் எதுவும் கேட்காது.

மாப்பிள்ளைக்கு அது ஆகாது. குடிதண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுபோனேன். "எதுக்கு இம்புட்டுத் தண்ணி காய்ச்சச் சொல்றீங்க?" என்று மனைவி கேட்டாள். பிளாண்டுக்கு என்றேன். நம்பாத முகத்தோடு அவள் அடுத்த பானையை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் சும்மா நின்றால் வெளுத்துவிடும். அதனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சுத்தமான மூங்கில் குச்சியால் கலக்கிவிட்டுக்கொண்டே இருந்தேன். ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியபோது அதை டம்ளரால் மொண்டு கொட்டினேன். அழுக்கெல்லாம் அதோடு போயிற்று. மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றினேன். அதுவும் உறைந்த பிறகு கேனை வெளியே எடுத்துத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தபோது கட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் தரையில் நான் போட்டிருந்த குச்சி கட்டி வழியாகத் தெரிந்தது. குச்சியில் கணு இருந்த இடம்கூடத் தெரிந்தது.

இத்தனை வருஷமாக ஐஸ் போடுகிறேன். ஒரு கட்டியை நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

வெளுத்த வேட்டியில் சுற்றி, மேலே சாக்கைப் போட்டு, மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். மச்சினன் ஏற்கனவே வந்து கொல்லையில் உட்கார்ந்திருந்தான். வீட்டில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் கட்டியைத் துவைக்கிற கல்லைக் கழுவி அதன்மேல் இறக்கி, வேட்டியை விலக்கினேன்.

மாப்பிள்ளை வந்து குனிந்தார். கட்டிக்கு அந்தப் பக்கம் கையை வைத்து, இந்தப் பக்கமிருந்து தன் விரல்களைப் பார்த்தார்.

"மாமா, இது எங்க வாங்குனீங்க?"

என்னைத்தான் கேட்டார். மகள் வழியாகக் கேட்கவில்லை.

"உறைய வச்சேன்" என்றேன்.

அவர் செல்போனை எடுத்து அந்தக் கட்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். மச்சினன், "போட்டோ ஸ்டூடியோவா வச்சிருக்கீங்க? தாகமா இருக்குப்பா" என்றான். மாப்பிள்ளை அந்தக் கேலியைக் கண்டுகொள்ளவில்லை. "சித்தப்பா, கொஞ்சம் பொறுங்க. இன்னைக்கு ஒழுங்காச் செய்யலாம்" என்றார். குரலே வேறாக இருந்தது. கப்பலில் அவர் எப்படி நிற்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் மனைவி முதலில் வாசற்படியிலேயே நின்றாள். "சாமி படத்துக்கு முன்னால இருக்கிற பழத்துல மட்டும் கை வச்சுறாதீங்க, அது அம்மன் கோயில்ல குடுத்தது" என்று எச்சரித்தாள். பிறகு சீனிப் பாகு காய்ச்ச அவளே வந்துவிட்டாள். பாகு காய்ச்சுவதில் அவளுக்கு ஒரு பேர் உண்டு.

"என்ன பதம் வேணும்?"

"பதமே வேணாம் அத்தை. கரைஞ்சாப் போதும்."

"பதமில்லாத பாகா? இதுக்கு நான் எதுக்கு?" என்றாள். ஆனாலும் வடிகட்டி, ஆறவைத்துத்தான் கொடுத்தாள்.

மகள் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி ஐஸ்கிரீம் கப்புகளை ஷோகேஸிலிருந்து எடுத்தாள். கீழே காம்பு வைத்தவை. ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை. மாப்பிள்ளை அவற்றில் ஐஸ் துண்டுகளைப் போட்டு முதலில் குளிரவைத்தார். நான் பிளாண்டுக்கு மோர் கொண்டுபோகிற திருகு மூடி எவர்சில்வர் டப்பாவைப் மகள் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். டானிக் மூடியால் அளந்து ரம், அதைவிடக் குறைவாக எலுமிச்சைச் சாறு, இன்னும் குறைவாகப் பாகு. என் ஐஸை உடைத்து நிறையப் போட்டார். மூடியைத் திருகித் தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினார்.

ஐஸ் பிளாண்டுக்காரனுக்கு ஐஸ் சத்தம் புதிதில்லை. கிரஷரில் அரைபடும், லாரியில் விழும். இது வேறு சத்தம். உள்ளே கூழாங்கல் உருளுவது மாதிரி, கெட்டியாக, ஒரே சீராக இருந்தது. டப்பாவின் மேல் வெள்ளையாகப் பனி பூத்ததும் நிறுத்தினார். டீ வடிகட்டியால் வடித்து ஊற்றினார். இளம் பச்சையில், மேலே மெல்லிய நுரையோடு நின்றது.

மச்சினன் காம்பைப் பிடிக்கத் தெரியாமல் கப்பை இரண்டு கையாலும் பிடித்தான். "உப்புப் போடலையா?" என்றான். பிறகு குடித்தான். முருங்கை வேரைப் பார்த்தான். மறுபடி குடித்தான்.

"இன்னொண்ணு ஊத்துங்க தம்பி" என்றான்.

"ஒண்ணுதான் சித்தப்பா. இது சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு குடிக்கிறது. அதுக்கு மேல போனா அத்தை வச்ச கறி ருசிக்காது."

படகில் அத்தனை பேரையும் அதட்டுகிற ஆள். "சரி, நீங்க சொன்னாச் சரிதான்" என்று கப்பைக் கீழே வைத்துவிட்டான்.

எல்லோரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை உள்ளே போனார். நான் மிச்ச ஐஸை மூடப் போனேன். துவைக்கிற கல்லின் ஓரத்தில் இன்னொரு கப் இருந்தது. ஒரு சின்னத் தட்டால் மூடியிருந்தது. மாமனார் முன்னால் மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. மாப்பிள்ளை பார்க்க மாமனாரும் குடிக்கமாட்டார். அதற்காகத்தான் அவர் அத்தனை பேரையும் உள்ளே கூட்டிப் போயிருக்கிறார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடித்தேன். முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. எங்கேயும் நீர்த்துப் போகவில்லை. என் ஐஸ் தாக்குப்பிடித்திருந்தது. கப்பைக் கழுவி, தட்டின்மேல் கவிழ்த்து வைத்தேன்.

நான் உள்ளே போனபோது இலை போட்டிருந்தது. மாப்பிள்ளை மகள் பக்கம் திரும்பி, "அப்பாகிட்டக் கேளு, சீனி சரியா இருந்துச்சான்னு" என்றார். மச்சினன் நிமிர்ந்து பார்த்தான்.

"சரியா இருந்துச்சு மாப்பிள்ளை" என்றேன். நேராகவே சொன்னேன்.

அடுத்த வாரம் பிளாண்டில் மீன் வியாபாரி ஒருவர் ஐஸுக்கு நின்றுகொண்டிருந்தார். "மாப்பிள்ளை வந்திருக்காராமே. என்ன வேலை பாக்குறாரு?" என்று கேட்டார்.

"கப்பல்ல வேலை" என்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. "பார்ல. ரம்மும் எலுமிச்சம் பழமும் வச்சு ஒண்ணு செய்வாரு பாருங்க, அதுமாதிரி நீங்க குடிச்சிருக்கவே மாட்டீங்க."

வியாபாரிக்கு ஆச்சரியம். நான் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. "அப்ப ஒரு நாளைக்கு எங்களுக்கும் செய்யச் சொல்லுங்க" என்றார்.

"முன்னாடியே சொல்லணும். ஐஸ் உறையணும்ல" என்றேன்.